கனவா, சின்ன வயசு ஞாபகமா, பகற்கனவா: மனசைப் பார்க்க எதில் தொடங்கலாம்?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் முப்பத்தைந்து நாற்பது வயதில் இருக்கிற சிலர் சமீபமாக ஒரே கேள்வியோடு வருகிறார்கள். தொழில் ஒரு மாதிரி ஓடுகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், பெரிய வியாதி எதுவும் இல்லை, ஆனால் மனசுக்குள் என்னவோ ஒன்று திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. மனசைப் பேச்சு வழியாகப் பிரித்துப் பார்க்கிற உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய வியன்னா டாக்டர் ஃப்ராய்டைப் பற்றி யாரோ பேசிய வீடியோவைப் பார்த்திருப்பார்கள், அப்புறம் போன் வரும்: "ஏனுங்க, நானும் எம்மனசை ஒருக்காப் பிரிச்சுப் பாக்கலாம்னு இருக்கறனுங்க. கனவை எழுதி வெக்கட்டுங்களா, இல்ல சின்னதுல நடந்ததையெல்லாம் ஞாபகப்படுத்தி எழுதட்டுங்களா?"

இந்த இரண்டைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றாவதாகப் பகற்கனவு என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியாக ஒரு நோட்டோடு உட்காரப் போகிறவர் பகற்கனவில் தொடங்குவதுதான் நல்லது. பொறுமையாகக் கேட்க ஒரு ஆள் கிடைத்தால் கனவை எடுக்கலாம். சின்ன வயசு ஞாபகத்தைக் கடைசியாக, ரொம்ப நிதானமாகத் தொட வேண்டும். ஏன் இந்த வரிசை என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஃப்ராய்டுக்கு இந்த மூன்றும் தனித்தனிச் சமாச்சாரம் கிடையாது. 1899இல் திரை நினைவுகள் பற்றி, அதாவது பெரிய விஷயத்தை மறைத்துக்கொண்டு நிற்கிற சின்ன வயசு ஞாபகங்கள் பற்றி, ஒரு கட்டுரை எழுதினார். அதே வருஷம் நவம்பரில் கனவுகளின் விளக்கம் பற்றிய பெரிய புத்தகம் வந்தது, பதிப்பகத்தார் அட்டையில் 1900 என்று போட்டார்கள். 1907 டிசம்பர் 6 அன்று வியன்னாவில் ஹ்யூகோ ஹெல்லர் என்ற பதிப்பாளரின் இடத்தில் எழுத்தாளர்களும் பகற்கனவும் பற்றிப் பேசினார். மூன்றிலும் ஓடுகிற எண்ணம் ஒன்றுதான்: நிறைவேறாத ஆசையோ ஆறாத காயமோ நேரடியாக வெளியே வர முடியாமல் வேறு வேஷம் கட்டிக்கொண்டு வருகிறது. ஆனால் தொடங்குகிற இடமாகப் பார்த்தால் மூன்றும் ஒன்றாகாது. எதில் வேஷம் அதிகம், எதைத் தனியாகச் செய்ய முடியும், தப்பாகப் போனால் யாருக்கு அடி விழும் என்று பார்த்தால் மூன்றுக்கும் நடுவில் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

கனவை எடுத்துக்கொள்வோம். கனவு என்றதும் நம் ஊரில் முதலில் வருவது பலன். பல் விழுந்தால் இது, பாம்பு துரத்தினால் அது, விடியக்காலைக் கனவு பலிக்கும். இந்தப் பழக்கத்துக்கு வயசு அதிகம். சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கெட்ட கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள். தேவந்தி அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், போன பிறவியில் நோன்பு தவறியது, சோமகுண்டத்திலும் சூரியகுண்டத்திலும் முழுகிக் காமவேள் கோயிலைக் கும்பிடு என்று பரிகாரம் சொல்லிவிடுகிறாள். கண்ணகி அது பெருமையில்லை என்று மறுத்துவிடுகிறாள் என்பது வேறு விஷயம். எனக்கு அந்த இடத்தில் படுவது, கனவைச் சொன்னவளிடம் "உனக்கு என்னம்மா தோணுது" என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை என்பதுதான்.

ஃப்ராய்ட் செய்த மாற்றம் அந்த ஒரு கேள்விதான். பாம்புக்கென்று பொதுவான அர்த்தம் எதுவும் கிடையாது என்று அவர் முழுசாகச் சொல்லவில்லை, சில குறியீடுகளை அவரே பட்டியல் போட்டிருக்கிறார், அது அவருடைய பலவீனமான பக்கம் என்பது என் எண்ணம். ஆனால் அடிப்படை முறை வேறு. கனவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் கனவு கண்டவருக்கே என்ன ஞாபகம் வருகிறது என்று கேட்டு, வருவதை வடிகட்டாமல் சொல்ல வைப்பது. 1895 ஜூலை 24 அன்று அவர் தன் கனவையே அப்படிப் பிரித்துப் பார்த்தார். இர்மா என்ற நோயாளிக்கு இன்னும் குணமாகாததற்கு வேறொரு டாக்டர் போட்ட ஊசிதான் காரணம் என்று கனவில் வருகிறது. முந்தின நாள் அதே டாக்டர் வந்து "அவள் முழுசாகத் தேறவில்லை" என்று சொல்லியிருந்தார், அந்தக் குரலில் ஒரு குறை சொல்லும் தொனி இருந்ததாக ஃப்ராய்டுக்குப் பட்டிருந்தது. பழி தன் தலையில் விழக் கூடாது என்ற ஆசை கனவாகக் கிளம்பி வந்தது. முந்தின நாள் மிச்சம், பல ஆட்கள் ஒரே ஆளாகச் சுருங்குவது, முக்கியமானது ஓரத்துக்குப் போய் அற்பமானது நடுவில் வந்து உட்காருவது, இதெல்லாம் அங்கே பார்க்கலாம்.

சோமனூர் பக்கம் தறி ஓட்டுகிற ஒருவர் சொன்ன கனவு ஒன்று. (இங்கே வருகிற ஆட்கள் எல்லோரையும் அடையாளம் தெரியாத மாதிரி மாற்றித்தான் சொல்கிறேன்.) குடோனில் எல்லாத் தறியும் ஓடுகிறது, நாடா அங்கிட்டும் இங்கிட்டும் போய் வருகிறது, ஆனால் சத்தமே இல்லை. அவர் கதவோரம் நிற்கிறார், உள்ளே போகக் கால் வரவில்லை. அவ்வளவுதான் கனவு. செல்போனில் தேடிப் பார்த்திருக்கிறார், தறி ஓடுவதாகக் கண்டால் தொழில் விருத்தியாகும் என்று போட்டிருந்ததாம், அதற்கு மேல் யோசிக்கவில்லை. உட்கார வைத்துச் சத்தமில்லாததைப் பற்றிக் கேட்டபோதுதான் ஒவ்வொன்றாக வந்தது. குழந்தையில் தறிச் சத்தத்தில்தான் தூங்குவார், கரண்டு போய்த் தறி நின்றால் முழித்துக்கொண்டு அழுவார் என்று அம்மா சொல்வார்கள். கரண்டு போனால் அப்பா குடோனை விட்டு வெளியே வருவார், அப்போதுதான் அவர் முகத்தைப் பார்க்க முடியும், அப்போதுதான் அடியும் விழும். அப்பா இறந்தபோது தறிகளை நிறுத்திவைத்தார்கள். முந்தின நாள் மகன் "எனக்குத் தறி வேண்டாம்ப்பா, பெங்களூரு போறேன்" என்று சொல்லியிருந்தான். இந்த நாலு விஷயமும் அந்த ஒரு சத்தமில்லாத காட்சிக்குள் இருந்தது. கேட்க ஆள் இல்லாமல் இருந்திருந்தால் அவர் தொழில் விருத்தியோடு நின்றிருப்பார்.

அதனால்தான் கனவைத் தனியாக எடுக்க வேண்டாம் என்கிறேன். தனியாக உட்கார்ந்தால் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, பலன் தேடப் போய்விடுவோம், பஞ்சாங்கத்துக்குப் பதிலாக மேல்நாட்டுக் குறியீட்டுப் பட்டியல், அவ்வளவுதான் வித்தியாசம். இல்லாவிட்டால் கனவைக் கதையாகக் கோத்து எழுதிவிடுவோம். எழுந்ததும் கனவை ஒழுங்குபடுத்தி, ஓட்டையை அடைத்து, அர்த்தமுள்ளதாக ஆக்குகிற வேலையை மனசே செய்கிறது என்று ஃப்ராய்ட் சொல்கிறார், எழுத்து அந்த வேலையை இன்னும் கூட்டிவிடுகிறது. கையில் தங்குவதும் கஷ்டம். எழுந்து பல் துலக்குவதற்குள் பாதி போய்விடும்.

மூளை ஆராய்ச்சிக்காரர்களின் ஆட்சேபத்தையும் ஒதுக்க முடியாது. 1953இல் அசெரின்ஸ்கியும் கிளெய்ட்மனும் தூக்கத்தில் கண் வேகமாக உருளுகிற கட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கட்டம் விடியப்போகும் நேரத்தில்தான் நீளமாக வரும். விடியக்காலைக் கனவு அவ்வளவு தெளிவாக நிற்பதற்கும், அதற்குத் தனி மதிப்பு ஏற்பட்டதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். 1977இல் ஹாப்சனும் மெக்கார்லியும், மூளைத்தண்டு கண்டபடி அனுப்புகிற தூண்டுதலுக்கு மேல்மூளை ஒப்பேற்றுகிற கதைதான் கனவு, ஒளிந்திருக்கிற ஆசை எதுவும் தேவையில்லை என்றார்கள். இருக்கட்டும். தூண்டுதல் கண்டபடி வந்தாலும், அதை வைத்துத் தறியைக் கட்டியதும் சத்தத்தை நிறுத்தியதும் அந்த மனுஷனுடைய மனசுதானே. அவரிடம் கேட்பதற்கு அது போதும்.

சின்ன வயசு ஞாபகத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது, பயமும் அதிகம் இருக்கிறது. நம் சனங்கள் இதைச் சொல்ல வெட்கப்படுவதே இல்லை. கிணத்து மேட்டில் உட்கார்ந்தால், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தால், தானாக ஆரம்பிக்கும். அதனால் இதுதான் சுலபம், இதுதான் நிஜம் என்று தோன்றும். மூன்றில் மிக நம்பகமானதாகத் தெரிவதும் இதுதான், மிக அதிகமாக ஏமாற்றுவதும் இதுதான்.

ஃப்ராய்டின் 1899 கட்டுரையில் ஒரு ஞாபகம் வருகிறது. சரிவான பச்சைப் புல்வெளி, நிறைய மஞ்சள் பூ. மூன்று பிள்ளைகள் பூப் பறிக்கிறார்கள். ஒரு சின்னப் பெண்ணிடம் இருந்த நல்ல பூங்கொத்தை இரண்டு பையன்கள் பிடுங்கிவிடுகிறார்கள். அவள் அழுதுகொண்டே மேலே ஓடுகிறாள், அங்கே ஒரு குடியானவப் பெண் அவளுக்குக் கறுப்பு ரொட்டித் துண்டு தருகிறாள், பையன்களும் ஓடிப்போய் வாங்கிச் சாப்பிடுகிறார்கள், ரொட்டி அபார ருசி. அவ்வளவுதான், நடந்ததில் விசேஷம் எதுவும் இல்லை. ஆனால் பூவின் மஞ்சளும் ரொட்டியின் ருசியும் மட்டும் அளவுக்கு மீறித் துலக்கமாக இருக்கிறது. பிரித்துப் பார்த்தால், பதினேழு வயதில் சொந்த ஊருக்குப் போனபோது மஞ்சள் உடுப்பில் பார்த்த பெண்மேல் வந்த காதலும், பிற்பாடு "படிப்பை விட்டுவிட்டு ஒரு நிம்மதியான பிழைப்பைப் பார்த்துக்கொள்" என்று பெரியவர்கள் போட்ட திட்டமும் அந்தப் பூவிலும் ரொட்டியிலும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. தன்னிடம் வந்த ஒருவரின் ஞாபகம் என்று ஃப்ராய்ட் எழுதியிருந்தார். அது அவருடையதேதான் என்று 1946இல் பெர்ன்ஃபெல்ட் என்ற ஆய்வாளர் காட்டினார்.

அந்தக் கட்டுரையில் ஒரு சோதனை இருக்கிறது, யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். அந்தக் காட்சியில் நீங்கள் உங்களை வெளியிலிருந்து பார்க்கிறீர்களா? கோபி பக்கம் பிறந்த ஒரு அம்மிணி கிணற்றில் நீச்சல் பழகியதைச் சொன்னார். இடுப்பில் சுரைப்புருடையைக் கட்டி அப்பிச்சி (அம்மாவின் அப்பா) உள்ளே தள்ளிவிடுகிறார், சிவப்புப் பாவாடை தண்ணீர்மேல் குடை மாதிரி விரிகிறது, படியில் அப்பிச்சி சிரித்துக்கொண்டு நிற்கிறார். "எங்கிருந்து பார்க்கறீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேல வாரியிலிருந்து பாக்கறாப்லதானுங்க தெரியுது" என்றார். தண்ணீருக்குள் தத்தளிக்கிற பிள்ளை தன் பாவாடை விரிவதை மேலேயிருந்து எப்படிப் பார்த்திருக்க முடியும்? அதற்காக அது பொய் என்று அர்த்தமில்லை. பிற்பாடு ஒரு கை அதைத் திருத்தி எழுதியிருக்கிறது என்று அர்த்தம். வாரிமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தது யார் என்று கேட்டபோது அவருக்குத் தன் தங்கை ஞாபகம் வந்தது. தங்கைக்கு நீச்சல் தெரியாது, பயந்தவள் என்று அவளைக் கிணற்றுப் பக்கமே விட்டதில்லை, எப்போதும் அமுச்சி (அம்மாவின் அம்மா) இடுப்பில்தான் இருப்பாள். தைரியசாலி என்று பெயர் வாங்கிய பிள்ளைக்குக் கிடைக்காமல் போனது என்ன என்று அதற்கப்புறம் பேசினோம்.

தம்பி தங்கை பிறப்பது இந்த ஞாபகங்களுக்கு அடியில் அடிக்கடி இருக்கும். ஜெர்மன் கவிஞர் கதே சின்ன வயதில் வீட்டுச் சட்டிபானைகளை ஜன்னல் வழியாகத் தெருவில் போட்டு உடைத்ததை எழுதியிருக்கிறார். 1917இல் ஃப்ராய்ட் அதை எடுத்து, புதிதாக வந்த குழந்தையை வெளியே எறிகிற ஆசைதான் பானையாக வெளியே போனது என்றார். நம் பக்கம் இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா தாய்வீட்டுக்குப் போவார்கள், மூத்ததை அப்பத்தாவிடம் விட்டுவிட்டுப் போவதும் உண்டு. அப்படி விடப்பட்டவர்களிடம் கேட்டால் அழுதது ஞாபகம் இருக்காது, அம்மா போனதும் இருக்காது. தகர டப்பாவில் பொரியுருண்டை இருந்தது, கட்டுத்தரையில் கன்னுக்குட்டி முட்டியது, டவுன் பஸ் தூசி கிளப்பிக்கொண்டு திரும்பியது என்று ஏதாவது ஒன்று மட்டும் பளிச்சென்று நிற்கும். பக்கத்திலேயே பெரிய விஷயம் ஒன்று இருக்கும்போது அற்பமானது ஞாபகத்தில் நிற்பதைத்தான் அவர் திரை என்றார்.

இப்போது ஆபத்து. பியாஜே என்ற குழந்தை உளவியலாளர், இரண்டு வயதில் பாரீஸ் வீதியில் தன்னை யாரோ கடத்தப் பார்த்ததையும், செவிலித்தாய் போராடித் தடுத்ததையும், அவள் முகத்தில் விழுந்த கீறல்களையும் கண்ணால் பார்த்த மாதிரி ஞாபகம் வைத்திருந்தார். அவருக்குப் பதினைந்து வயது இருக்கும்போது அந்தச் செவிலித்தாயே கடிதம் எழுதினார்: எல்லாம் நான் கட்டிய கதை, பரிசாகக் கொடுத்த கடிகாரத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று. வீட்டார் சொல்லக் கேட்ட கதை கண்ணில் பார்த்த காட்சியாக மாறியிருந்தது. 1995இல் எலிசபெத் லாஃப்டஸும் பிக்ரெலும் என்ற ஞாபக ஆராய்ச்சியாளர்கள் 24 பேரிடம், ஐந்து வயதில் நீங்கள் கடைவளாகத்தில் தொலைந்துபோனீர்கள் என்று சொந்தக்காரர் சொன்னதாக ஒரு பொய்ச் சம்பவத்தைக் கொடுத்தபோது, கிட்டத்தட்ட நாலில் ஒருவர் முழுசாகவோ பாதியாகவோ அதை ஞாபகப்படுத்திக்கொண்டார்.

நம் ஊரில் இந்த ஆபத்துக்கு ஒரு தனி முகம் இருக்கிறது. பங்கு பிரிக்கிற நேரத்தில் சின்ன வயசு ஞாபகம் சாட்சியாக வந்து நிற்கும். "அப்பாரு எனக்குத்தான் அந்த வடக்காலக் காட்டைத் தர்றதாச் சொன்னாரு, எனக்கு நல்லா ஞாபகமிருக்குது", "நீ எப்பவுமே எங்கம்மாவுக்குச் செல்லம்". அண்ணன் தம்பி இரண்டு பேரும் நெஞ்சில் கை வைத்துச் சொல்வார்கள், இரண்டு பேர் ஞாபகமும் ஒத்துப்போகாது, இரண்டு பேரும் பொய் சொல்லவும் மாட்டார்கள். நோட்டில் எழுதியதை எடுத்துக்கொண்டு வயசான அம்மா முன்னால் போய் நின்று "நீ அன்னைக்கு ஏன் அப்படிச் செஞ்ச" என்று கேட்பது, மனசைப் பார்க்கிற வேலையாகாது, பஞ்சாயத்தாகிவிடும்.

அப்படியானால் ஞாபகத்தால் பிரயோசனமே இல்லையா என்றால், ஆட்லரைக் கேட்க வேண்டும். ஃப்ராய்டோடு இருந்து பிரிந்துபோனவர், வந்தவர்களிடம் முதல் ஞாபகத்தைக் கேட்பதை வழக்கமாக வைத்திருந்தார். ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகிற தடத்தில் ஒரு மயானம், மற்றப் பிள்ளைகள் சாதாரணமாகக் கடந்து போக, தான் மட்டும் பயந்து, அந்தப் பயத்தை முறிக்க அதன் குறுக்கே திரும்பத் திரும்ப ஓடியது அவருடைய சொந்த ஞாபகம். பல வருஷம் கழித்துப் பழைய பள்ளித் தோழனைப் பார்த்துக் கேட்டால், அந்தத் தடத்தில் மயானமே இருந்ததில்லை என்றான். ஆட்லர் அந்த ஞாபகத்தைத் தூக்கிப் போடவில்லை. பயத்தை ஓடி ஓடி ஜெயிக்க வேண்டும் என்ற தன் ஆசை அதில் இருக்கிறது, அதனால் அது தன்னைப் பற்றி உண்மையைத்தான் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டார். எனக்கு இந்த வழி பிடிக்கிறது. இன்றைய உங்களைத் தெரிந்துகொள்ள ஞாபகத்தைப் பயன்படுத்தலாம், அன்றைக்கு யார் என்ன செய்தார்கள் என்று தீர்ப்பு எழுத வேண்டாம்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளாகி, அதை எப்போதுமே மறக்காமல் சுமந்துகொண்டிருக்கிற ஒருவரிடம் "அது திரை நினைவாக இருக்கும்" என்று சொல்வது அக்கிரமம். ஃப்ராய்ட் 1896இல் அப்படிப்பட்ட கொடுமைதான் நோய்க்குக் காரணம் என்று சொல்லி, 1897 செப்டம்பரில் நண்பர் ஃப்ளீஸுக்கு எழுதிய கடிதத்தில் அதிலிருந்து பின்வாங்கினார். அந்தப் பின்வாங்கலை வைத்து நிஜமான பாதிப்பைக் கற்பனை என்று தள்ளியவர்கள் பலர். அந்த ஞாபகத்தை நோட்டில் தனியாகப் பிரிக்க வேண்டாம். பயிற்சி பெற்றவரிடம் நேராகப் போய்விடுங்கள்.

சரி, பகற்கனவுக்கு வருவோம். இதை நான் முதலில் வைப்பதற்கு ஃப்ராய்டே காரணம். பிள்ளை விளையாடுகிறது, ஒளிக்காமல் விளையாடுகிறது. பெரியவன் விளையாட்டை விட்டுவிட்டதாக நினைக்கிறான், உண்மையில் அதற்குப் பதிலாகப் பகற்கனவு காண்கிறான், அதற்கு வெட்கப்பட்டு ஒளிக்கிறான், செய்த தப்பைக்கூட ஒத்துக்கொள்வான், இதைச் சொல்ல மாட்டான் என்றார் 1907 பேச்சில். நான் பார்த்தவரை இது அப்படியே உண்மை. கடன் எவ்வளவு என்று சொல்கிறவர்கள், வீட்டுச் சண்டையைச் சொல்கிறவர்கள், "வண்டியில போறப்ப மனசுல என்ன ஓட்டுவீங்க" என்றால் தரையைப் பார்ப்பார்கள். அவ்வளவு வெட்கம் இருக்கிற இடத்தில்தான் பொருள் இருக்கும்.

பகற்கனவில் மூன்று காலமும் சேர்ந்து வரும் என்றும் அவர் சொன்னார்: இன்றைக்குக் குத்திய ஏதோ ஒன்று கிளப்பிவிடும், சின்ன வயசில் அந்த ஆசை நிறைவேறியிருந்த காலத்தைப் போய்த் தொடும், அங்கிருந்து வருங்காலக் காட்சி ஒன்றைக் கட்டும். அவர் சொன்ன உதாரணத்தில் அப்பா அம்மா இல்லாத பையன் வேலை கேட்டுப் போகிற வழியில், முதலாளிக்குப் பிடித்துப்போய், அந்த வீட்டுப் பெண்ணையே கட்டி, தொழிலையும் தானே நடத்துவதாக நினைத்துக்கொண்டு நடக்கிறான். இழந்த வீடு திரும்பக் கிடைத்துவிடுகிறது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன், ஊர் தாராபுரம் பக்கம். தினமும் பஸ்ஸில் திரும்பும்போது ஒரே படம் ஓடும். அப்பா விற்றுப்போட்ட நாலு ஏக்கர் தோட்டத்தை அவன் திரும்ப வாங்குகிறான். போர் போடுகிறான், தென்னை வைக்கிறான், பழைய சாளையை இடித்து வீடு கட்டுகிறான். இதுவரைக்கும் நம்மூரில் பாதிப்பேர் காண்கிறதுதான். எழுதிப் பார்க்கச் சொன்னேன், அழகுபடுத்தாமல், எங்கே மெதுவாகப் போகிறதோ அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். வீடு ஒரு வரியில் முடிந்துவிட்டது. தென்னை ஒரு வரி. கேட் மட்டும் ஒரு பக்கத்துக்கு இருந்தது. என்ன பெயின்ட், எத்தனை அடி, திறக்கும்போது என்ன சத்தம், தெரிந்தவர்கள் வந்து வெளியே நிற்க, இவன் கொஞ்ச நேரம் கழித்துப் போய்த் திறந்து, "வாங்க, வெளியில ஏன் நிக்கறீங்க" என்று கூப்பிடுவது. அந்தக் கூப்பிடுகிற இடத்தை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டுவானாம். கேட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். ஏழெட்டு வயதில், வசதியான சொந்தக்காரர் வீட்டு நோம்பிக்குப் போய், அப்பாவோடு கேட்டுக்கு வெளியே ரொம்ப நேரம் நின்றது வந்தது. அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டது வந்தது. அன்றைக்குக் காலையில் கம்பெனியில் வெளிநாட்டு பையர் வந்தபோது இவனை வெளியே இருக்கச் சொல்லியிருந்தார்கள். நிலம் என்று நினைத்துக்கொண்டிருந்தது நிலமே இல்லை என்பது அவனுக்குத் தெரிய ஒரு நோட்டும் கொஞ்ச நேரமும் போதுமாக இருந்தது. லோன் போட்டு நிலம் வாங்குகிற யோசனையை அவன் தள்ளிப்போட்டான், அது இந்தப் பேச்சின் பக்கப் பலன்.

பகற்கனவின் வசதி இங்கேதான். விழித்திருக்கும்போது வருகிறது, கையில் தங்குகிறது. எது கிளப்பியது என்று பார்க்க ஒரு மணி நேரம் பின்னால் போனால் போதும். தினமும் வருவதால் இன்று தப்பவிட்டதை நாளை பிடிக்கலாம். அம்மா அப்பா மேல் குற்றப்பத்திரிகை வாசிக்க வைக்காது. சின்ன வயதும் தானாக இதன் வழியே வந்துசேரும், நேராகப் போய்க் கதவைத் தட்டுவதைவிட இப்படி வருவது நிதானமாக இருக்கும். பிள்ளைகளின் பகற்கனவையும் இதே கண்ணோடு பார்க்கலாம். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று விளையாட்டுக்குச் சொல்வோம் இல்லையா, அதைக் கேட்ட பிள்ளை ராத்திரி படுத்துக்கொண்டு, தன் நிஜ அப்பா அம்மா ஊட்டியிலிருந்து காரில் வந்து கூட்டிப்போவார்கள் என்று படம் ஓட்டும். இந்த மாதிரிக் கற்பனையைப் பற்றி ஃப்ராய்ட் 1909இல் எழுதினார். அந்தக் கார்க்கார அப்பாவுக்கு, பிள்ளை ரொம்பச் சின்னதாக இருந்தபோது பெரிய ஆளாகத் தெரிந்த தன் சொந்த அப்பாவின் சாயல்தான் இருக்கும் என்பது அவர் கண்டுபிடித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

ஒரு இடத்தில் அவரோடு எனக்கு ஒப்பவில்லை. சந்தோஷமாக இருப்பவன் பகற்கனவு காண மாட்டான், நிறைவில்லாதவன்தான் காண்பான் என்றார். 2010இல் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரைச் செல்போன் வழியாக அவ்வப்போது கேட்டுப் பார்த்ததில், கேட்ட நேரங்களில் கிட்டத்தட்ட 47 சதவீதம் மனசு வேறெங்கோதான் இருந்தது. அப்படி அலைகிற நேரத்தில் சந்தோஷம் குறைவு என்றும் சொன்னார்கள். ஆனால் ஜெரோம் சிங்கர் என்ற உளவியலாளர் பல வருஷம் இதையே ஆராய்ந்து, திட்டம் போடுகிற, ரசிக்கிற, நல்ல வகைப் பகற்கனவும் உண்டு என்று காட்டினார். மஞ்சள் வெட்டு முடிந்த காட்டைப் பார்த்துக்கொண்டு அடுத்த வெள்ளாமையை மனசில் போடுகிறவர் நோயாளியா என்ன?

எல்லைகளும் உண்டு. வின்னிகாட் என்ற ஆங்கில உளப்பகுப்பாய்வாளர் தன் 1971 புத்தகத்தில், வாழ்வதற்குப் பதிலாகவே கற்பனையில் இருந்துவிடுகிற ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறார். அந்த மாதிரிக் கற்பனை எங்கும் கொண்டுபோகாது, அப்படியே சுற்றும், கனவுக்கு இருக்கிற அர்த்தம் அதற்கு இல்லை என்கிறார். எலி சோமர் என்ற உளவியலாளர் 2002இல், நாளின் பெரும்பகுதியை இப்படியே தின்றுவிடுகிற பகற்கனவைத் தனியாகப் பெயரிட்டு விவரித்தார். பிள்ளையைக் கூப்பிடப் பள்ளிக்கூடம் போக மறக்கிற அளவுக்கு, வேலை நிற்கிற அளவுக்கு இருந்தால், அதை எழுதி வளர்க்கக் கூடாது, ஆளைப் பார்க்க வேண்டும்.

எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சம் காரியமான விஷயம். கூட்டுக் குடும்பத்தில் நோட்டு பத்திரமாக இருக்காது, அடுத்தவர் படிப்பார்கள் என்ற நினைப்பு இருந்தாலே எழுத்து பொய்யாகிவிடும், அதனால் பூட்டுப் போட்ட செல்போன் போதும். படம் ஓடி முடிந்ததும் எழுதுங்கள்: சற்று முன் என்ன நடந்தது, எந்த இடத்தில் மெதுவானது, யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கிற ஆள் யார் என்பது நிறையச் சொல்லும், பெரும்பாலான பகற்கனவுக்கு ஒரு பார்வையாளர் கட்டாயம் இருப்பார்.

ஆள் தேடுகிறவர்களுக்கு: உளப்பகுப்பாய்வு இந்தியாவுக்குப் புதிதில்லை, கிரீந்திரசேகர் போஸ் 1922லேயே கல்கத்தாவில் சங்கம் தொடங்கினார். ஆனால் முறைப்படியான பகுப்பாய்வு என்றால் வாரத்தில் நாலைந்து நாள், தடவைக்கு முக்கால் மணிக்கு மேல், வருஷக்கணக்கில் என்பது அதன் பழைய கணக்கு. பருத்தி சீசனும் பிள்ளை பரீட்சையும் பார்த்துக்கொண்டிருக்கிற குடும்பத்துக்கு அது ஒத்துவருவது அரிது. வாரம் ஒருமுறை பேசுகிற, அதே அடிப்படையில் பயின்ற ஆள் ஆன்லைனில் கிடைத்தால் போதும், தறிக்காரர் கனவு மாதிரியானதற்கு அதுவே தாராளம்.

கெட்ட கனவு வாரத்தில் பல நாள் அலற வைத்து எழுப்புகிறது, அதுவும் விபத்துக்கோ கொடுமைக்கோ பின்னால் என்றால், மேலே சொன்ன மூன்றுமே வேண்டாம். பகலில் அந்தக் கனவை எடுத்து, முடிவை வேறு மாதிரி மாற்றி எழுதி, மாற்றியதைத் தினமும் கொஞ்ச நேரம் மனசில் ஓட்டிப் பழகுகிற ஒரு முறை இருக்கிறது. பாரி கிராகோவும் மற்றவர்களும் 2001இல் வெளியிட்ட சோதனையில், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு அது கெட்ட கனவைக் குறைத்தது. ஃப்ராய்ட் சொல்கிற ஆழமான அர்த்தம் எதையும் அது தேடுவதில்லை, தூக்கத்தைத் திருப்பித் தருகிறது, அந்த நேரத்தில் அதுதான் முதலில் வேண்டும். மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ கேட்டுச் செய்ய வேண்டியது இது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 14416 என்ற அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

யாரிடம் போனாலும் போகும்முன் போனிலேயே மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் என்ன? கனவைப் பற்றிப் பேசினால் நீங்கள் அர்த்தம் சொல்வீர்களா, என்னைக் கேட்பீர்களா? நான் சொல்வது என் வீட்டாருக்குப் போகுமா? முதல் உட்காரலிலேயே உங்கள் அம்மாதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்கிறவரிடம் இரண்டாவது தடவை போக வேண்டாம்.